அத்தியாயம் 9: வெளிநாட்டு ஆய்வுகூடமும் ஏற்றுமதிக் கட்டுப்பாடும்

அமெரிக்க விசாவுக்கான டி.எஸ்-160 படிவத்தில் பாதுகாப்புக் கேள்விகள் வரும் பக்கத்தில், உளவு, நாசவேலை, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு மீறல் போன்ற சட்டவிரோதச் செயல்களில் ஈடுபட நினைக்கிறீர்களா என்று ஒரு கேள்வி உண்டு. கல்முனையில் ஒரு கொமியூனிகேஷனில் இருந்து படிவம் நிரப்பினால், கணினிக்கு முன்னால் இருக்கும் தம்பி அதை வாசித்துக்கூடக் காட்டாமல் 'இல்லை' என்று அழுத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். பதில் சரிதான். ஆனால் அந்தப் பதிலுக்குப் பொறுப்பு நீங்கள். உளவும் நாசவேலையும் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டை மீறுவது என்றால் என்ன, ஒரு நல்ல மாணவர் தெரியாமலேயே அதை எப்படிச் செய்துவிடக்கூடும் என்பதுதான் இந்த அத்தியாயம்.

நற்பிட்டிமுனையில் இருந்தும் அக்கம்பக்கத்து ஊர்களில் இருந்தும் கலைப்பாடங்கள், இஸ்லாமியக் கற்கைகள், முகாமைத்துவம் என்று மேற்படிப்புக்குப் போகிறவர்கள் பயணத்தைப் பற்றிய பகுதியை மட்டும் வாசித்தால் போதும். ஒலுவிலில் பொறியியல், சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞானம், பேராதனையிலோ மொறட்டுவையிலோ அதற்குச் சமமான பட்டம் என்று முடித்துவிட்டு வெளிநாட்டில் முதுமாணிக்கோ கலாநிதிப் பட்டத்துக்கோ போகிறவர்கள் முழுவதையும் வாசிக்க வேண்டும். புலமைப்பரிசில் கடிதம் கையில் கிடைத்த வாரமே வாசிப்பது நல்லது.

பெட்டியில் ஏறாத ஏற்றுமதி

அமெரிக்கச் சட்டத்தில் இருந்து தொடங்குவோம்.  ஒரு பொருளைக் கப்பலிலோ விமானத்திலோ அனுப்பினால் மட்டும் ஏற்றுமதி என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. அமெரிக்காவுக்குள்ளேயே, ஓர் ஆய்வுகூடத்தில் வைத்து, கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள ஒரு தொழினுட்பத்தை வெளிநாட்டவருக்குச் சொல்லிக் கொடுத்தால், அது அவருடைய நாட்டுக்கு ஏற்றுமதியானதாகவே கணக்கெடுக்கப்படும். ஒரு வரைபடத்தைத் திரையில் காட்டுவது, மென்பொருளின் மூலநிரலைத் திறந்து வைப்பது, இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டும் முறையை வாயால் விளங்கப்படுத்துவது எல்லாம் இதற்குள் வரும். நீங்கள் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சட்டத்தின் கணக்கில் அந்த அறிவு இலங்கைக்கு வந்துவிட்டது.

இதை மூன்று திணைக்களங்கள் பங்குபோட்டுப் பார்க்கின்றன. பொது வாழ்விலும் இராணுவத்திலும் பயன்படக்கூடிய பொருட்களை வர்த்தகத் திணைக்களம் கவனிக்கிறது. அதன் பட்டியலில் பத்து வகுப்புகள் உண்டு: அணுப் பொருட்கள், இரசாயனங்களும் நுண்ணுயிர்களும், மின்னணுவியல், கணினி, தொலைத்தொடர்பு, லேசரும் உணர்கருவிகளும், விமானமும் விண்வெளியும் என்று அது நீளும். ஆயுதங்களும் இராணுவத்துக்கென்றே செய்யப்பட்டவையும் இராஜாங்கத் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. அந்த விதிகளை அங்கே எல்லோரும் 'ஐட்டார்' என்றே சொல்வார்கள். தடை விதிக்கப்பட்ட நாடுகளையும் ஆட்களையும் திறைசேரி பார்க்கிறது.

இலங்கைப் பிரஜை என்ற முறையில் உங்கள் இடம் எங்கே? ஈரான், கியூபா, வட கொரியா போன்ற தடைப்பட்ட நாடுகளின் வரிசையில் நாம் இல்லை. யுத்த காலத்தில் இருந்து ஐட்டாரின் கீழ் இலங்கைக்கென்று ஒரு தனிக் கட்டுப்பாடு இருந்தது. அதை 2016இல் நீக்கிவிட்டார்கள். வர்த்தகத் திணைக்களத்தின் நாட்டு அட்டவணையில் நாம் 'பி' குழுவில் இருக்கிறோம். சாதாரண ஆய்வுகூடச் சாமான்களில் பெரும்பாலானவற்றுக்கு நமக்கு உரிமம் தேவைப்படாது. உயர்தர உணர்கருவி, சில வகைக் குறைகடத்தி, ஏவுகணையோடு சம்பந்தப்பட்ட பொருள், ஆபத்தான நோய்க்கிருமி என்று வரும்போதுதான் உரிமம் என்ற கதவு குறுக்கே நிற்கும்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வர்த்தகத் திணைக்களம் ஒருவருடைய மிகப் பிந்திய பிரஜாவுரிமையையோ நிரந்தர வதிவிடத்தையோதான் பார்க்கும். கனடாவில் நிரந்தர வதிவிடம் எடுத்த பிறகு அமெரிக்காவில் படிக்கப் போகும் நற்பிட்டிமுனைப் பிள்ளை அவர்கள் கணக்கில் கனடாக்காரர். ஐட்டார் அப்படியல்ல, நீங்கள் வைத்திருக்கும் எல்லாப் பிரஜாவுரிமைகளையும் அது கேட்கும். அமெரிக்காவின் கிரீன் கார்ட் கிடைத்துவிட்டால் இந்த விடயத்தில் நீங்கள் அந்நாட்டவராகவே நடத்தப்படுவீர்கள்.

எது எல்லோருக்கும் திறந்திருக்கிறது

இதுவரை வாசித்துவிட்டுப் பயந்துபோக வேண்டாம். பல்கலைக்கழகத்தில் நடப்பதில் பெரும் பகுதி இந்தக் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருக்கிறது. 1985இல் ஜனாதிபதி ரீகன் காலத்தில் வெளியான ஓர் ஆணை, அடிப்படை ஆய்வின் முடிவுகள் முடிந்தவரை கட்டுப்பாடின்றித் திறந்திருக்க வேண்டும் என்று வகுத்தது. சோவியத் நாட்டோடு முறுகல் உச்சத்தில் இருந்த நாட்களில் எடுத்த முடிவு அது. இன்றைக்கும் வெளிநாட்டு மாணவர் அங்கே விஞ்ஞானம் படிக்க முடிவதற்கு அந்த ஆணையும் அதன் வழிவந்த விதியும் பெரிய காரணம்.

ஆகவே, பல்கலைக்கழகத்தின் பாடநெறிக் கையேட்டில் உள்ள பாடங்களைப் படிக்கலாம். நூலகத்திலும் சஞ்சிகைகளிலும் வெளியானவற்றை வாசிக்கலாம். வெளியிடும் நோக்கத்தோடு செய்யப்படும் அடிப்படை ஆய்வில் சேரலாம். இவை மூன்றுக்கும் யாருடைய உரிமமும் வேண்டாம். (ஐட்டாரின் கீழ் வரும் பொருட்களுக்கு எல்லைகள் இன்னும் இறுக்கம், உங்கள் ஆய்வில் அந்தப் பெயர் ஒருமுறை வந்தாலும் உடனே பல்கலைக்கழகத்தின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போங்கள்.)

இந்தப் பாதுகாப்பு எங்கே முறிகிறது என்பதுதான் தெரிந்திருக்க வேண்டியது. பணம் தரும் கம்பனியோ அமைச்சோ, கட்டுரையை வெளியிட முன்னர் எங்களிடம் அனுமதி எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் முறிந்துவிடும். வெளிநாட்டவர் இந்தத் திட்டத்தில் வேலை செய்யக்கூடாது என்று எழுதியிருந்தாலும் அப்படித்தான். அது முறியாமல் இருக்கும்போதும், காக்கப்படுவது ஆய்வின் முடிவு மட்டுமே. ஆய்வுக்காகக் கம்பனி தந்த இரகசிய வரைபடத்தை அது காக்காது. ஆய்வில் செய்த கருவியைப் பெட்டியில் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புவதையும் காக்காது.

டென்னசி பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் பாருங்கள். ஜோன் ரீஸ் ரோத் என்ற ஓய்வுபெற்ற மின்மப் பௌதிகப் பேராசிரியர், அமெரிக்க விமானப்படையின் பணத்தில் நடந்த ஓர் ஆய்வில் இருந்தார். ஆளில்லா விமானத்தின் இறக்கையில் மின்மத்தைப் பயன்படுத்தி அதன் பறப்பைக் கட்டுப்படுத்துவது ஆய்வின் பொருள். அந்த வேலையில் சீனாவில் இருந்து வந்த ஒரு பட்டப்பின் மாணவரும் ஈரானில் இருந்து வந்த ஒருவரும் சேர்ந்திருந்தார்கள். 2006இல் பேராசிரியர் சீனாவுக்கு விரிவுரை கொடுக்கப் போனபோது ஆய்வு சம்பந்தமான ஆவணங்களும் கூடவே போயின. இது கட்டுப்பாட்டுக்குள் வரும் வேலை என்று பல்கலைக்கழகத்தின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அலுவலர் அவருக்குச் சொல்லியிருந்தார். 2008இல் ஜூரிகள் அவரைக் குற்றவாளி என்றார்கள். 2009இல் நான்கு வருடச் சிறைத் தண்டனை. 2011இல் மேன்முறையீடும் தோற்றது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு மனிதர் சிறைக்குப் போனார்.

மாணவர்கள் மீது வழக்கு வரவில்லை. ஆனால் அந்த இருவருடைய இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். நீங்கள் ஒரு பேராசிரியரை நம்பி ஊரை விட்டுப் போயிருக்கிறீர்கள். ஒருநாள் புலனாய்வு அதிகாரிகள் உங்கள் மேசைக்கு வருகிறார்கள், ஆய்வு நின்றுவிடுகிறது, உங்கள் பெயர் நீதிமன்ற ஆவணத்தில் ஏறுகிறது. வழக்கில்லை என்பது மட்டும் ஆறுதலாக இருக்காது.

சேரிடம் எப்படிக் கேட்பது

நம் பல்கலைக்கழகங்களில் 'சேர்' சொன்னதைச் செய்துதான் பழக்கம். எங்கிருந்து காசு வருகிறது, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மேற்பார்வையாளரைக் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும். அங்கே அப்படியல்ல. இந்தக் கேள்விகளைக் கேட்பது பொறுப்புள்ள ஆராய்ச்சியாளரின் வேலை என்று பேராசிரியர்கள் எடுத்துக்கொள்வார்கள். முதல் மாதத்திலேயே, வாய்ப்பேச்சாக அல்லாமல் மின்னஞ்சலாக, இப்படி எழுதலாம்:

"மதிப்புக்குரிய பேராசிரியருக்கு, நான் இலங்கைப் பிரஜை, மாணவர் விசாவில் வந்திருக்கிறேன். நீங்கள் எனக்கு ஒதுக்கிய திட்டத்துக்குப் பணம் தருபவர் யார், முடிவுகளை வெளியிட முன்னர் வேறு யாரிடமாவது ஒப்புதல் பெற வேண்டுமா, வெளிநாட்டவர் பங்குபற்றுவதில் கட்டுப்பாடு ஏதும் உண்டா என்பதை அறியத் தருவீர்களா? எனக்குத் தனியான தொழினுட்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தேவைப்பட்டால், நம் பல்கலைக்கழக ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அலுவலகத்தை நானே சந்திக்கத் தயார்."

பதில் வந்ததும் அதைப் பத்திரப்படுத்துங்கள். பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஓர் அலுவலகமோ ஓர் அலுவலரோ இருப்பார். அவரை விசாக்காரர் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். உங்களை வைத்து வேலை செய்விக்கும் வழியைத் தேடுவதுதான் அவருடைய வேலை. எந்தக் கருவி எந்தப் பட்டியலில் இருக்கிறது, அதைப் பாவிப்பதற்கு உங்களுக்கு உரிமம் வேண்டுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். நீங்களே பட்டியலைப் பார்த்து முடிவெடுப்பது ஆபத்து.

கருவியை இயக்குவது மட்டும் பெரும்பாலும் பிரச்சினையாவதில்லை. வர்த்தகத் திணைக்கள விதியில், ஒரு கருவியின் 'பயன்பாடு' சம்பந்தமான தொழினுட்பம் என்றால் இயக்கல், நிறுவல், பராமரிப்பு, பழுதுபார்த்தல், முழுப் பிரித்துச் சீராக்கல், புதுப்பித்தல் என்ற ஆறும் சேர்ந்து வர வேண்டும். பொத்தானை அழுத்தி அளவீடு எடுப்பவருக்கு அந்த ஆறும் போய்ச் சேர்வதில்லை. கருவி பழுதானபோது கம்பனிக்காரர் தந்த உள்வரைபடத்தைத் திறந்து நீங்களே பழுது பார்க்கத் தொடங்கினால் நிலைமை மாறலாம். அப்படியொரு நாள் வந்தால் கையை எடுத்துவிட்டு அலுவலரைக் கூப்பிடுங்கள்.

சில சமயங்களில் உங்களிடம் ஓர் உறுதிக்கடிதத்தில் கையொப்பம் கேட்பார்கள். 'பி' குழு நாட்டவருக்குச் சில தொழினுட்பங்களை உரிமமின்றிக் கொடுக்க ஒரு விலக்கு இருக்கிறது; அதற்கு எழுத்தில் உறுதி தர வேண்டும். அந்தத் தொழினுட்பத்தை சீனா, ரஷ்யா உட்பட்ட குறிப்பிட்ட நாடுகளுக்கும் அந்நாட்டவர்களுக்கும் அனுமதியின்றிக் கொடுக்கமாட்டேன் என்பதே அதன் சாரம். கையொப்பம் வைத்த அன்றிலிருந்து, உங்களோடு ஒரே அறையில் இருக்கும் சீன நண்பருக்கு அந்தக் கோப்பைக் காட்டினால் மீறியவர் நீங்கள். வீட்டில் சோறு பகிர்ந்து உண்பவராக இருக்கலாம். அந்தக் கோப்பு வேறு. கடிதத்தை வாசிக்காமல் ஒப்பமிட்டுவிட்டு மறந்துபோவதுதான் நம்மவர்களிடம் அதிகம் நடக்கக்கூடியது.

படிப்பு முடிந்து வேலைக்கான எச்-1பி விசாவுக்கு உங்கள் பல்கலைக்கழகம் விண்ணப்பித்தால், ஐ-129 படிவத்தின் ஆறாம் பகுதியில் உங்களுக்கு உரிமம் தேவையா இல்லையா என்று அது உறுதிப்படுத்த வேண்டும். 2011 பெப்ரவரியில் இருந்து இது கட்டாயம். அந்த நேரத்தில் உங்கள் வேலையைப் பற்றிச் சரியான விபரம் கேட்பார்கள். மழுப்பாமல் எழுதிக் கொடுங்கள்.

தண்டனையையும் சொல்லத்தான் வேண்டும். 2018இன் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சீர்திருத்தச் சட்டப்படி, தெரிந்தே செய்த ஒவ்வொரு மீறலுக்கும் இருபது வருடம் வரை சிறையும் பத்து இலட்சம் டொலர் வரை அபராதமும் விதிக்கலாம். மாணவருக்கு அதற்கு முன்பே விசா போய்விடும்.

அமெரிக்கா தவிர்ந்த நாடுகள்

பிரித்தானியாவுக்குப் போகிறவர்கள் ஏட்டாஸ் சான்றிதழைப் பற்றி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 2007இல் தொடங்கிய இந்தத் திட்டத்தின்படி, குறிப்பிட்ட விஞ்ஞான, பொறியியல் துறைகளில் பட்டப்பின் படிப்புக்குச் செல்லும் வெளிநாட்டவர் விசாவுக்கு முன்னரே வெளிநாட்டு அமைச்சிடம் சான்றிதழ் பெற வேண்டும். 2021 மே மாதத்தில் இருந்து ஆராய்ச்சியாளர்களுக்கும் இது பொருந்துகிறது. ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, ஜப்பான், சிங்கப்பூர் போன்ற சில நாட்டவர்களுக்கு விலக்கு உண்டு. இலங்கையருக்கு இல்லை. விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. யாராவது ஏஜென்சி 'ஏட்டாஸ் பீஸ்' என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தில் உள்ள பாடக் குறியீடு, ஆய்வுச் சுருக்கம், முன்னைய படிப்பு, வெளியிட்ட கட்டுரைகள், பணம் தருபவர் விபரம், இரண்டு பரிந்துரையாளர்கள் ஆகியவை தேவை. பதில் வர வாரக்கணக்காகும்; கோடை காலத்தில் இன்னும் தாமதிக்கும். ஆகவே செப்டம்பரில் தொடங்கும் படிப்புக்கு ஓகஸ்டில் விண்ணப்பித்தால் முதல் தவணை போய்விடும். இடையில் ஆய்வுத் தலைப்பு மாறினால் புதிய சான்றிதழ் எடுக்க வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

அவுஸ்திரேலியா 2012இன் பாதுகாப்பு வர்த்தகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 2024இல் திருத்தியது. நாட்டுக்குள்ளேயே கட்டுப்பாட்டுத் தொழினுட்பத்தை வெளிநாட்டவருக்குக் கொடுப்பதும் இப்போது அனுமதி வேண்டிய காரியம். அதற்கான தண்டனைப் பிரிவு 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. விலக்குப் பெற்ற நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. அடிப்படை ஆய்வுக்கு அங்கும் விலக்கு உண்டு.

ஜப்பானின் மொன்புஷோ புலமைப்பரிசிலில் போகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஓர் உறுதிமொழிப் படிவத்தைச் சந்திப்பார்கள். 2022 மே 1 முதல், ஜப்பானில் வசிப்பவராகக் கணக்கெடுக்கப்படும் ஒருவரும் வெளிநாட்டு அரசின் செல்வாக்கின் கீழ் இருந்தால் அவருக்குத் தொழினுட்பம் கொடுக்க அனுமதி வேண்டும் என்று அந்நாடு விளக்கம் கொடுத்தது. இலங்கை அரசிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு படிப்பு விடுமுறையில் போகும் விரிவுரையாளருக்கு இது நேரடியாகப் பொருந்தும். அதை மறைக்காமல் எழுத வேண்டும். ஒழுங்காகச் செய்தால் அங்கே எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ராவணா-1 சாட்சி. கியூஷு தொழினுட்ப நிறுவகத்தில் படித்த இரண்டு இலங்கைப் பொறியியலாளர்கள் நேபாள, ஜப்பானிய மாணவர்களோடு ஒரே திட்டத்தில் இருந்து செய்த, ஒரு கிலோ அளவான அந்தச் சிறு செய்மதி 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் இருந்து ஏவப்பட்டு, ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்து சுற்றுப்பாதைக்கு விடப்பட்டது. செய்மதித் தொழினுட்பம் கட்டுப்பாட்டுப் பட்டியலில் முன்வரிசையில் இருப்பது. இலங்கைப் பிள்ளைகளால் அதற்குள்ளும் போக முடிகிறது.

மலேசியாவில் 2010இன் மூலோபாய வர்த்தகச் சட்டம் இருக்கிறது; பொறியியல் படிக்கப் போகிறவர்கள் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

சீனப் புலமைப்பரிசில்களைப் பற்றி வேறு விதமாக யோசிக்க வேண்டும். சீனாவின் சில பல்கலைக்கழகங்கள் அமெரிக்க வர்த்தகத் திணைக்களத்தின் தடைப் பட்டியலில் இருக்கின்றன. ஹார்பின் தொழினுட்ப நிறுவகத்தை 2020இல் சேர்த்தார்கள். அடுத்த சில நாட்களிலேயே பொறியியல் மாணவர்கள் தினமும் பாவிக்கும் 'மெட்லாப்' மென்பொருள் அங்கே நிறுத்தப்பட்டது. ஆய்வை இடைநடுவில் வைத்திருந்த மாணவர்கள் வேறு மென்பொருளுக்கு மாற வேண்டியதாயிற்று. அங்கே படிப்பது இலங்கையருக்குக் குற்றமல்ல. ஆனால் முதுமாணியை அங்கே முடித்துவிட்டு அமெரிக்காவில் கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பித்தால் விசாவுக்கு மேலதிகச் சோதனை வரும் என்று எதிர்பார்க்க வேண்டும். இடத்தை ஏற்றுக்கொள்ள முன்னர் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஈரானின் கும் நகரில் உள்ள அல்-முஸ்தபா சர்வதேசப் பல்கலைக்கழகத்தை 2020 டிசம்பரில் அமெரிக்கத் திறைசேரி தடைப் பட்டியலில் சேர்த்தது. அங்கே படித்தவர்கள் பிற்பாடு அமெரிக்காவோடு கொடுக்கல் வாங்கல் வைக்கும்போது சட்டத்தரணி ஒருவரின் யோசனை தேவைப்படும்.

பயணமும் பெட்டியும்

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது கையில் இருக்கும் மடிக்கணினி உங்களுடையதா பல்கலைக்கழகத்துடையதா என்பதை முதலில் பாருங்கள். சொந்தக் கணினியைத் தனிப்பட்ட பாவனைக்குக் கொண்டு வர ஒரு விலக்கு இருக்கிறது. பல்கலைக்கழகக் கணினியை வேலைச் சாமானாகக் கொண்டு வரவும் விலக்கு உண்டு. அது உங்கள் கைவசத்திலேயே இருக்க வேண்டும், ஒரு வருடத்துக்குள் திரும்பிப் போக வேண்டும். இரண்டிலும், உள்ளே இருக்கும் கோப்புக்கு விலக்குத் தானாகவே கிடைக்காது. கட்டுப்பாட்டுத் தரவுகள் இருந்தால் அவற்றை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். நற்பிட்டிமுனையில் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு ஆய்வுகூடத்தின் பகிர்வுக் கோப்புறையைத் திறப்பதும் இலங்கைக்கு ஏற்றுமதிதான். அடிப்படை ஆய்வுக் கோப்பென்றால் தாராளமாகத் திறக்கலாம். கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் உள்ள கோப்பென்றால் வேண்டாம்.

அமெரிக்காவில் இருந்து நேரே உம்றாவுக்குப் போய்விட்டு ஊருக்கு வருகிறவர்கள் பலர். சவூதி தடைப்பட்ட நாடல்ல. ஆனாலும் சில பொருட்களுக்கு அங்கே இலங்கையை விடக் கட்டுப்பாடு கூட. ஆய்வுக் கணினியை விட்டுவிட்டு, வெறும் தொலைபேசியோடு போவது மேல். ஈரான் வழியாகப் பயணச்சீட்டு மலிவாகக் கிடைத்தால் பல்கலைக்கழகக் கருவி எதையும் கொண்டு ஏறாதீர்கள்.

அடுத்தது ஊரவர் கேட்கும் சாமான்கள். கிட்டங்கிக்கு அப்பால் வயல் வைத்திருக்கும் உறவினருக்கு இரவில் யானை வருவது பெரிய கவலை. வட்ஸ்அப்பில் ஒரு குரல் வரும்: "நாநா, வரக்குள்ள அந்த இருட்டில யானை தெரியிற கமரா ஒண்டு கொண்டு வாங்களன். எவ்வளவு ஆனாலும் வாப்பா தருவார்." கேட்பதில் நியாயம் இருக்கிறது, அந்தப் பிள்ளை வயலில் உயிரைப் பணயம் வைத்துக் காவல் இருக்கிறது. ஆனால் வெப்பப் படக் கமராக்கள் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. வினாடிக்கு 9 படங்களுக்கு மேற்படாத சாதாரண வகைகளுக்குக் கட்டுப்பாடு தளர்வு. வேகம் கூடியவற்றுக்கும் இராணுவத் தரத்து இரவுப்பார்வைக் கருவிகளுக்கும் மிக இறுக்கம். இலத்திரனியல் கடையில் யாரும் தடுக்காமல் விற்பார்கள். நாட்டை விட்டு வெளியே கொண்டு போகும்போதுதான் குற்றமாகும். பதில் இப்படி இருக்கட்டும்: "தம்பி, எந்த மொடல் எண்டு சொல்லுங்க. கம்பனிக்காரன்ட எழுத்தில கேட்டுப் போட்டுத்தான் வாங்குவன். ஏலா எண்டு சொன்னா ஏலாதான்." ட்ரோனுக்கு இங்கேயும் அனுமதி வேண்டும்: சிவில் விமான சேவைகள் அதிகாரசபையும் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் கேட்கும். அவற்றை வாங்காமல் கட்டுநாயக்காவில் இறங்கினால் சாமான் அங்கேயே தங்கிவிடும்.

இன்னொருவருக்காகப் பொதி கொண்டு வருவதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. கனடாவின் வோட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த ஓர் இலங்கைத் தமிழ் இளைஞர் 2006இல் கைதானார். விடுதலைப் புலிகளுக்காகக் கப்பல் வடிவமைப்பு மென்பொருளும் தொலைத்தொடர்புக் கருவிகளும் வாங்கினார், மாணவர்களைக் கொண்டே சாமான்களை இலங்கைக்குக் கடத்தினார் என்பது அமெரிக்கா வைத்த குற்றச்சாட்டு. 2012 டிசம்பரில் கனடாவின் உயர் நீதிமன்றம் அவரை ஒப்படைக்கலாம் என்றது. நியூயோர்க்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2013இல் இரண்டு வருடத் தண்டனை பெற்றார். வழக்கின் அடிப்படை பயங்கரவாத அமைப்புக்கு உதவியது என்பது. ஆனால் அந்தக் குற்றச்சாட்டில் வரும் பொதி காவிய மாணவர்களைப் பற்றித்தான் நான் நினைப்பது. தெரிந்தவரின் தெரிந்தவர் ஒரு பெட்டியைத் தந்து ஊரில் ஒருவரிடம் கொடுக்கச் சொன்னால், திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள். பார்த்த பிறகும் விளங்காவிட்டால் வாங்கவே வாங்காதீர்கள்.

பெறுபவர் யார் என்பது சில வேளை பொருளை விட முக்கியம். மசாசுசெட்ஸ் லோவல் பல்கலைக்கழகம் பாகிஸ்தானின் விண்வெளி ஆய்வு நிறுவனத்துக்கு வளிமண்டலத்தை அளக்கும் கருவி ஒன்றை அனுப்பியது. கருவி பட்டியலிலேயே இல்லாத சாதாரண வகை. பெற்ற நிறுவனம் தடைப் பட்டியலில் இருந்தது. 2013இல் ஒரு இலட்சம் டொலர் அபராதம் விதித்து, அதை இடைநிறுத்தி வைத்தார்கள்.

மாதிரிகள், விதைகள், மண்

நம்மூரில் இருந்து வெளியே போவதற்கும் சட்டம் உண்டு. ஆய்வுக்காகக் களப்பு நீர், வயல் மண், மூலிகை, பூச்சி என்று எதையும் பொலித்தீனில் சுற்றிப் பெட்டியில் வைக்கும் பழக்கம் ஆபத்தானது. காட்டு விலங்குகளையும் தாவரங்களையும் அவற்றின் பாகங்களையும் கொண்டு போக, வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். தாவரப் பொருட்களுக்குக் கட்டுநாயக்காவில் உள்ள தேசியத் தாவரத் தொற்றுநீக்கல் சேவையின் சான்றிதழ் தேவைப்படும். நம் பாரம்பரிய நெல் வகைகளில் ஆய்வு செய்ய நினைப்பவர்கள், வாப்பாவின் களஞ்சியத்தில் இருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு போகாமல், கன்னொறுவையில் உள்ள தாவர மரபணு வள நிலையத்தின் ஊடாகப் பொருள் கைமாற்ற ஒப்பந்தத்தோடு எடுக்க வேண்டும். மண் என்றால் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதியும் வேண்டும். அதை உங்கள் பேராசிரியர்தான் எடுத்துத் தர வேண்டும்.

நோய்க்கிருமி மாதிரிகளில் இந்தச் சட்டங்கள் இரக்கம் பார்ப்பதில்லை. டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தின் தோமஸ் பட்லர் பிளேக் நோயில் உலகப் புகழ்பெற்ற ஆய்வாளர். தான்சானியாவில் சேகரித்த மாதிரிகளில் சிலவற்றை 2002இல் அங்குள்ள சகாக்களுக்கே திருப்பி அனுப்பினார். பொதியில் 'ஆய்வுகூடப் பொருட்கள்' என்று மட்டும் எழுதியிருந்தது, உரிமமும் எடுக்கவில்லை. 2003இல் வேறு பல குற்றச்சாட்டுகளோடு அதற்கும் குற்றவாளியாகி, இரண்டு வருடச் சிறைத் தண்டனை பெற்றார். அவர் யாருக்கும் தீங்கு நினைத்தவர் அல்ல. 2021இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் விலங்கு நோய்க்கிருமிகளை உரிமமின்றி அனுப்பியதற்காக 54,000 டொலர் கட்டியது. ஆகவே ஒலுவிலில் உள்ள உங்கள் பழைய விரிவுரையாளர் ஒரு சின்ன வளர்ப்புக் குழாய் அனுப்பிவிடுங்கள் என்று அன்பாகக் கேட்டால், மறுக்க வேண்டாம். உங்கள் அலுவலகத்தின் ஊடாக, இரண்டு நிறுவனங்களுக்கும் இடையில் ஒப்பந்தம் எழுதி அனுப்புங்கள்.

தவறு நடந்துவிட்டால்

கோப்பை அனுப்பக்கூடாத ஒருவருக்கு அனுப்பிவிட்டோம் என்று பிறகு தெரிந்தால், அழிக்கவோ திருத்தவோ முயல வேண்டாம். அனுப்பியது, திகதி, பெற்றவர் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். பல்கலைக்கழகம் தானாக முன்வந்து திணைக்களத்துக்கு அறிவிக்கும் முறை ஒன்று இருக்கிறது. அதற்கு நல்ல மதிப்பும் உண்டு. புலனாய்வு அதிகாரி நேரே உங்களிடம் வந்தால் மரியாதையாகப் பேசுங்கள், பொய் சொல்லாதீர்கள், சட்டத்தரணியோடு பேசிய பிறகு பதில் சொல்கிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதிகாரியிடம் பொய் சொல்வது தனிக் குற்றம்.

பட்டம் முடித்துத் திரும்பும்போது

கடைசி மாதத்தில் ஆய்வுகூடத்தோடு கணக்கு முடிக்க ஒரு நாள் ஒதுக்குங்கள். பல்கலைக்கழகக் கணினியையும் சாவியையும் திருப்பிக் கொடுங்கள். பென்ட்ரைவில் நிரல்களை வாரிக்கொண்டு வராதீர்கள். பல்கலைக்கழகம் வாங்கிய மென்பொருளின் உரிம எண்ணை ஊரில் யாருக்கும் பகிராதீர்கள். இங்கே ஒலுவிலிலோ கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ விரிவுரையாளராகச் சேர்ந்த பிறகும் பழைய குழுவோடு கட்டுரை எழுதப் போகிறீர்கள் என்றால், எந்தத் தரவை, எந்த நிரலை இலங்கையில் வைத்துப் பாவிக்கலாம் என்று மேற்பார்வையாளரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்குங்கள். அந்தக் கடிதம், முன்னர் கையொப்பமிட்ட உறுதிமொழிகள், முதல் மாதத்து மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஒரு கோவையில் போட்டு, குறைந்தது ஐந்து வருடம் வைத்திருங்கள். அமெரிக்க வர்த்தகத் திணைக்கள விதியின்படி உங்கள் பல்கலைக்கழகமும் தன்னிடம் உள்ள பிரதிகளை அவ்வளவு காலம் வைத்திருக்கக் கடமைப்பட்டது.